பீரோவுக்குப் பின்னால் ஓர் இணைப்பு

ஏசி வாங்குகிறவர்கள் பெட்டியைத்தான் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். எத்தனை ஸ்டார், என்ன நிறம், ரிமோட்டில் விளக்கு எரியுமா என்று ஆயிரம் கேள்வி கேட்பார்கள். உள்ளே மாட்டும் பெட்டிக்கும் வெளியே நிற்கும் பெட்டிக்கும் நடுவே கேஸ் போய்வர இரண்டு குழாய் உண்டு. அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அது மெக்கானிக் பாடு. முப்பத்திரண்டு வருடத்தில் குழாயைப் பற்றி என்னிடம் விவரமாகக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி என் தங்கை. இன்னொருவர் நீங்கள்.

"ஏம்பா, அஞ்சு மீட்டருக்கு ஒரே குழாயா போட்டிருக்கலாமே, நடுவுல எதுக்கு ஒரு ஜாயின்ட்?" என்று நேற்று போலீஸ் ஸ்டேஷனில் கேட்டீர்கள். யோசித்து எழுதிக்கொண்டு வா என்று தாளைக் கொடுத்து அனுப்பினீர்கள். உங்கள் மேஜைமேல் இருந்த குறிப்பில் 'வேலையில் அஜாக்கிரதை' என்று எழுதியிருந்ததை எதிரில் உட்கார்ந்தபடியே தலைகீழாகப் படித்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தையைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன் ஐயா. ஒரே ஒரு நாளைத் தவிர நான் அஜாக்கிரதையாக வேலை செய்தது கிடையாது.

அந்த ஒரு நாளை முதலில் சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவன் என் தங்கையின் கணவன் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்பே அவன் என் கூட்டாளி. ஒரே வண்டி, ஒரே கருவிப் பெட்டி, ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்த ஆட்கள் நாங்கள். அவனைப் போல ஒருவன் கிடைக்க மாட்டான் என்று நானே பேசி என் தங்கையைக் கட்டிக் கொடுத்தேன். அவனை நான் மாப்ள என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர்கள் வீடுதான் என் வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று தட்டு வைப்பாள் தங்கை, என் தட்டில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே விழும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில், வெளிப்பெட்டியைத் தாங்கும் சட்டத்தில் போல்ட்டு மாற்ற வேண்டியிருந்தது. அவன் ஜன்னல் விளிம்பில் ஒரு காலை வைத்துவிட்டு, "சேஃப்டி பெல்ட் கீழ வண்டியில கிடக்கு, எடுத்துட்டு வரட்டுமா மச்சான்?" என்று கேட்டான். அஞ்சு நிமிஷ வேலைதானே என்றேன். அவ்வளவுதான் நடந்தது. கீழே விழுந்தவனுக்குக் கழுத்து முறிந்துவிட்டது. பேச்சும் தலையும் மிஞ்சின. மற்றதெல்லாம் படுக்கைக்குச் சொந்தமாகிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கையிடம் நானே உண்மையைச் சொன்னேன். பெல்ட் வேண்டாம் என்றது நான்தான் என்றேன். அவள் அழவில்லை. "இனிமே எங்க வீட்டுப் படி ஏறாதீங்க" என்றாள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை வா, போ என்று பேசியவள். அண்ணா என்று ஒரு நாளில் நாற்பது தடவை கூப்பிட்டவள். அவள் வாயிலிருந்து அந்த 'ஏறாதீங்க' வந்தபோது, எனக்கு மரியாதை கொடுத்துக் கையைக் கழுவிவிட்டாள் என்று புரிந்தது.

இரண்டரை வருடம் படி ஏறவில்லை. பிறகு ஒருநாள் போன் வந்தது. "ஏசி கெட்டுப் போச்சு. புதுசு வாங்கிட்டோம். நல்லா மாட்டணும்னா உங்களைத்தான் கூப்பிடணும்னு அவர் சொல்றாரு" என்றாள். அண்ணா என்றும் சொல்லவில்லை, நலமா என்றும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தப் போனை வைத்த பிறகு நான் சட்டையை மாற்றிக்கொண்டேன்.

அவனுக்கு ஏசி ஆடம்பரம் கிடையாது ஐயா. கழுத்துக்குக் கீழே அவன் உடம்பு வியர்க்காது. அறை எவ்வளவு சூடோ உடம்பும் அவ்வளவு சூடாகிவிடும். கோடையில் அறையை இருபத்தைந்துக்கு மேல் விடாதீர்கள் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். அந்தத் தாள் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தது. முதல் நாளே அதைப் படித்தேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

அறையை அளந்துவிட்டு, பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டுக் கடைக்குப் போனேன். கையில் முதலில் எடுத்தது செம்புக் குழாயைத்தான். கனமான சுவர் உள்ள நல்ல சரக்கு, சுருளாக வரும். வேண்டிய நீளத்தை ஒரே துண்டாக வெட்டி, இந்த முனை உள்பெட்டிக்கு, அந்த முனை வெளிப்பெட்டிக்கு என்று போட்டுவிட்டால் நடுவில் ஒழுகுவதற்கு இடமே கிடையாது. பத்து வருடத்துக்கு யாரையும் கூப்பிட வேண்டாம். எங்கள் தொழிலில் அதைத்தான் நல்ல வேலை என்பார்கள். போட்டவன் முகமே மறந்துபோகும்.

சுருளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பத்து வருடத்தை நினைத்துப் பார்த்தேன். பிறகு சுருளைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

பக்கத்தில் வளையும் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்க மடிப்பு மடிப்பாக, கையால் எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். மேலே உறை போட்டு, இரண்டு முனையிலும் நட்டு மாட்டியே வரும். இரண்டரை மீட்டர் துண்டுகள். அதை நான் முதுகெலும்பில்லாத குழாய் என்று கேலி செய்வேன். கடைக்காரருக்கு அது தெரியும்.

"என்னண்ணே, நேத்துவரைக்கும் இதைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்குவீங்க. இன்னைக்கு நீங்களே வாங்குறீங்க?"

"வளைவு ஜாஸ்தி உள்ள இடம்."

"அப்ப நாலு துண்டு வேணும். நடுவுல ஜாயின்ட் வருமே."

"வரும்" என்றேன்.

தங்கை கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்று நான் வேலை செய்வதைப் பார்த்தாள். மெக்கானிக்கின் மனைவி, மெக்கானிக்கின் தங்கை. அவளை ஏமாற்றுவது லேசில்லை. "ஏன், செம்புக் குழாய் இல்லையா?" என்று கேட்டாள். பீரோவுக்குப் பின்னால் சுவர் இரண்டு இடத்தில் முறுக்கிக்கொண்டு போகிறது, செம்பை அங்கே வளைத்தால் நசுங்கும் என்றேன். இதுவென்றால் வெளிப்பெட்டியின் அதிர்வு உள்ளே வராது, அவன் தூக்கம் கெடாது என்றேன். நாளைக்குக் கட்டிலை இடம் மாற்றினால் குழாயையும் கொஞ்சம் நகர்த்தலாம் என்றேன். மூன்றும் உண்மை. பொருள்மேலும் குற்றம் கிடையாது. சரியாக இறுக்கினால் வளையும் குழாய் நன்றாகவே உழைக்கும். நாளைக்கு யாராவது அதன்மேல் பழி போட்டால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

முனையில் உள்ள நட்டுகளையெல்லாம் முறைப்படி இறுக்கினேன். பீரோவுக்குப் பின்னால் வந்த நடு இணைப்பில் மட்டும் கால் சுற்று விட்டுவைத்தேன். கால் சுற்று என்பது ஒன்றுமே இல்லை ஐயா. கண்ணால் பார்த்தால் தெரியாது. கேஸ் ஒரேயடியாகப் போகாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நாற்பது நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். பிறகு சோப்பு நுரையைக் குழைத்து முனை இணைப்புகளில் தடவி, குமிழி வரவில்லை பார் என்று தங்கைக்குக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். பீரோவை நகர்த்தச் சொல்லி அவள் கேட்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் போன் வந்தது.

கேஸ் போட இருபது நிமிடம் போதும். நான் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டேன். உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சி, புதிதாக நிரப்ப வேண்டும் என்றேன். பம்பு பாட்டுக்கு ஓடும். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மாப்பிள்ளையோடு பேசுவேன். பழைய வீடுகள், பழைய முதலாளிகள், ஒரு பாட்டியம்மா ரிமோட்டை அலமாரியில் பூட்டிவைத்துக்கொண்டு எங்களிடமே சாவி இல்லை என்றது, எல்லாம் பேசினோம். அவன் சிரித்தால் தலை மட்டும் ஆடும். அதைப் பார்க்க முடியாது, ஆனாலும் சிரிக்க வைப்பேன்.

முதல் தடவை தங்கை கதவருகிலேயே நின்றாள். இரண்டாம் தடவை ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் தடவை டீ வந்தது. நான்காம் தடவை, "சாப்டீங்களா?" என்று கேட்டாள். அன்று அவள் போன் மேஜைமேல் கிடந்தது. எதற்கோ நான் அவளுக்கு மிஸ்டு கால் கொடுத்தபோது திரையில் என் பேர் வந்தது. 'ஏசி மெக்கானிக்' என்று வைத்திருந்தாள். பரவாயில்லை, அழிக்காமல் வைத்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை எப்போதோ கண்டுபிடித்துவிட்டான். இரண்டாம் தடவை, தங்கை உள்ளே போன சமயம் பார்த்து மெதுவாகக் கூப்பிட்டான்.

"மச்சான், பீரோவுக்குப் பின்னாடி ஒரு ஜாயின்ட் இருக்குல்ல?"

நான் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு வேலை செய்யுறது காது ஒண்ணுதான்டா. நாள் முழுக்க அதைத்தானே கேட்டுட்டுக் கிடக்கேன். கேஸ் குறையுறப்ப பெட்டிக்குள்ள ஒரு சத்தம் வரும்ல, அது எனக்குத் தெரியாதா? எத்தனை நாளைக்கு ஒருக்கா வர்ற மாதிரி வச்சிருக்கே?"

"நாப்பது" என்றேன்.

"முப்பதா வை" என்றான்.

அழுதுவிட்டேன். இதை எழுதும்போதும் அழுகை வருகிறது. அவனைப் பார்க்க வேறு யார் வந்தார்கள்? நான் வந்தால் அவனுக்கு மூன்று மணி நேரம் வேலையும் சிரிப்பும் இருந்தது. ஆகவே இந்த விஷயத்தில் மாப்பிள்ளைக்கும் முழுச் சம்மதம். பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு நட்டை இன்னும் ஒரு நூல் தளர்த்தினேன்.

கோடை வந்தது. வெயில் ஏறினால் குழாய்க்குள் அழுத்தமும் ஏறும், கசிவும் ஏறும். இது எங்கள் தொழிலில் பால பாடம். முப்பது நாள் என்பது இருபத்துமூன்று, இருபத்துநாலு நாளாகச் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். இருபதாம் நாளிலிருந்தே கேஸ் உருளையையும் பம்பையும் வண்டியில் ஏற்றி வைத்திருந்தேன். அந்த அளவுக்கு ஜாக்கிரதையாக இருந்தேன்.

இருபத்துமூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்குப் போன் வந்தது. "ஏசி சரியா கூல் ஆகலை. வர முடியுமா?" என்றாள். மதியம் வருகிறேன் என்றேன். சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பள்ளிக்கூடத்து மதிலோரம் மர நிழலில் நிறுத்தினேன். பிள்ளைகளுக்கு விடுமுறை, தெருவில் ஈ காக்கை இல்லை.

ஏன் நேரே போகவில்லை என்று கேட்பீர்கள். போன தடவை நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தவள், "அண்" என்று ஆரம்பித்து, அதை விழுங்கிவிட்டு, "அந்த ரிமோட்டுக்கு பேட்டரி வாங்கணும்" என்றாள். என் காதில் விழுந்தது. அந்த வார்த்தை அவள் தொண்டைவரை வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் அவசரம் இருந்தால் தானாக வெளியே வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. வேறு எதற்காகவும் நான் அந்த மரத்தடியில் உட்காரவில்லை.

பதினொன்று பத்துக்கு இரண்டாவது போன். "அவருக்கு உடம்பு கொதிக்குது. ஈரத்துணி போட்டிருக்கேன். எப்ப வருவீங்க?" வருவீங்க என்றுதான் சொன்னாள். பக்கத்தில் ஒரு வேலை, முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். வண்டிக்குள்ளேயே சூடு தாங்காமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கழுத்தில் வியர்வை ஓடியது. துண்டை எடுத்துத் துடைத்தேன்.

பன்னிரண்டு இருபதுக்கு மூன்றாவது. "அண்ணா, எங்கண்ணா இருக்கே? அவர் கண்ணைத் திறக்க மாட்டேங்குறாருண்ணா. சீக்கிரம் வாயேன்."

மூன்று வருடம் கழித்து. சந்தோஷமாக இருந்தேன் ஐயா, மறைக்க மாட்டேன். இதோ வந்துவிட்டேன் என்று சொல்லி வண்டியைக் கிளப்பினேன். அப்புறம் ஒரு யோசனை வந்தது. இரண்டு நிமிடத்தில் போய் நின்றால், இவ்வளவு நேரமும் பக்கத்தில்தான் இருந்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கிடைத்த வார்த்தை திரும்பப் போய்விடும். வண்டியை அணைத்துவிட்டு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தேன்.

நான் போனபோது அறை அடுப்பு மாதிரி இருந்தது. தங்கை வாளித் தண்ணீரை அவன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள். கட்டில், தரை, அவள் புடவை எல்லாம் ஈரம். அவன் முகம் செக்கச் செவேலென்று, ஒரு பொட்டு வியர்வை இல்லாமல் காய்ந்து கிடந்தது. கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். கேஸ் போடுவதற்கெல்லாம் நேரம் தாண்டிவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். தூக்கும்போது அவன் தலையை நான்தான் பிடித்துக்கொண்டேன். என் கை சுட்டது. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் அவள் வீட்டுக்குப் போகிறேன். அவளுக்கு இப்போது என்னைவிட்டால் ஆள் இல்லை. அண்ணா, அண்ணா என்று பழையபடி கூப்பிடுகிறாள். "காலையிலயே நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கணும்ணா. உன்னையே நம்பிக் காத்துக்கிட்டு இருந்துட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, உன் தப்பு இல்லம்மா, விதிம்மா என்று ஆறுதல் சொல்கிறேன். வேறு யார் சொல்வார்கள்? அதனால்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், இந்தத் தாளை மட்டும் அவளிடம் காட்ட வேண்டாம். அவள் தாங்க மாட்டாள். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.

மேலே ஓரிடத்தில், மாப்பிள்ளைக்கும் முழுச் சம்மதம் என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். நானே அடித்திருப்பேன், தாளில் கிறுக்கல் இருந்தால் வேறு மாதிரி நினைப்பீர்கள் என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக கேஸ் போடப் போன அன்று, தங்கை சமையலறைக்குப் போனதும் அவன் கூப்பிட்டான்.

"மச்சான், விளையாட்டு போதும்டா. வெயிலு ஏறுது, எனக்குப் பயமா இருக்கு. இந்தத் தடவை இறுக்கிடு."

நான் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"அவகிட்ட நான் பேசிட்டேன். உங்க அண்ணன் ஞாயித்துக்கிழமை சும்மா வந்துட்டுப் போகட்டுமேன்னு சொன்னேன். சரின்னு சொல்லலை. ஆனா வேண்டாம்னும் சொல்லலைடா. அது போதாதா?"

எனக்குப் போதவில்லை. வேண்டாமென்று சொல்லவில்லை என்பதை நம்பி ஒருவன் எப்படி நட்டை இறுக்குவான்? அவள் நாளைக்கே மனம் மாறினால் நான் எந்தக் காரணத்தைச் சொல்லிப் படி ஏறுவேன்? அவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு, குழாயைச் சுவரில் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் திருகில் ஸ்பேனரை மாட்டி இரண்டு தடவை கிறீச்சென்று சத்தம் வர இழுத்தேன். இறுக்கிட்டேன் மாப்ள என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "உன் கை பட்டா சரிதான்" என்றான்.

அதை அவன் நம்பினான். செத்த அன்று காலை வேறு மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று தங்கை கேட்டபோது, வேண்டாம் என்று தடுத்தது அவன்தானாம். இறுக்கிட்டேன்னு சொன்னான், இது வேற ஏதோ சின்னக் கோளாறு, அவனே வந்து பாத்துருவான் என்று கண் செருகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தானாம். நேற்று ஸ்டேஷனிலிருந்து நேரே அங்கேதான் போனேன். எனக்குத் தட்டு வைத்துக்கொண்டே, "இறுக்கிட்டான் இறுக்கிட்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரே, நீ என்னத்தண்ணா இறுக்கினே?" என்று கேட்டாள்.

ஒண்ணுமில்லம்மா, சோறு போடு என்றேன்.